தையல்காரர் வீட்டு அரளி

"சந்தேகமே வேணாம் டாக்டர். பக்கத்து வீட்டுத் தையல்காரன்தான். அவன் வாசல்ல நிக்கிற அரளிதான்" என்றார் இரும்புக்கடை முதலாளி. மேசையில் துவண்டு கிடந்த தன் நாயைத் தடவிக்கொடுத்தார்.

ஆணியைக்கூட எண்ணிக் கொடுக்கிற மனிதர். வழக்குக்கு வேண்டியதையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அறை மூலையில் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏட்டு நின்றிருந்தார். டாக்டரம்மா 'அரளி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தையல்காரரை அள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"அவருக்கு உங்க நாய் மேல என்ன கோபம்?"

"நாய் மேல இல்லம்மா, என் திராட்சைப் பந்தல் மேல கண்ணு. கொஞ்ச நாளாவே கொத்துக் கொத்தா காணாமப் போகுது. நாய் ஒழிஞ்சா பந்தலையே மொட்டையடிச்சிடலாமே."

டாக்டரம்மா நாயின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். வயிற்றை அமுக்கினார். முனகியது.

"அரளின்னா எச்சில் ஒழுகும், நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா இருக்கும். இதுக்கு இன்னும் அப்படி இல்லை. வாந்தி, சோர்வு, வயித்துவலி. ஒண்ணுக்குப் போச்சா?"

"நேத்துலேர்ந்து இல்லை."

"அப்போ கிட்னி. திராட்சை தின்னா நாய்க்கு இப்படி வரும்."

அந்தக் கவலையிலும் முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டின பெண்டாட்டிக்கே நான் ஒரு பழம் குடுத்ததில்லை, நாய்க்கா குடுப்பேன்? பந்தலும் ஆளுயரத்துக்கு மேல. இது என்ன ஏணி போட்டா ஏறும்?"

"எனக்கு உறுதியாத் தெரியணும் சார். திராட்சைன்னா விடாம டிரிப் ஏத்தணும். அரளின்னா அவ்வளவு தண்ணியை இதயம் தாங்காது. நான் தப்புப் பண்ணினா நாய் போயிடும்."

முதலாளியின் சிரிப்பு அடங்கியது. நாயைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார்.

"அரளின்னே வைங்கம்மா. ஏட்டய்யா, நீங்க போய் அவனைத் தூக்குங்க."

ஏட்டு நகரவில்லை. நாய் சிரமப்பட்டுத் தலையைத் தூக்கி, அவரைப் பார்த்து ஒரே ஒரு தடவை வாலை ஆட்டியது.

"டிரிப்பே ஏத்துங்க டாக்டரம்மா" என்றார் ஏட்டு.

"நீங்க எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

ஏட்டு இருமினார். முதலாளி இருந்த பக்கம் பார்க்காமல், நாயிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"என் சர்வீஸ்ல நான் லஞ்சம் குடுத்தது இந்த ஒருத்தனுக்குத்தாம்மா, ரோந்து வர்றப்போ அந்தப் பந்தல்ல கை வெச்சா, பாதிக் கொத்து குடுக்கற வரைக்கும் குரைக்கறதை நிறுத்த மாட்டான்."