கியர் நியூட்ரலில் இருந்தபோது

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஜீப்பின் அடியில் 'டங்' என்றது.

"இதோ, இப்ப," என்றான் என் கணவன் தோர்கெல். "பின்னாடியிருந்துதான் வருது."

ஒரு வாரமாகவே இந்தச் சத்தம். சனிக்கிழமை முதல் மீட்புப் பணி எங்கள் குழுவின் முறை. அவன்தான் குழுத்தலைவன். ஆளில்லாத எரிமலைப் பாறைக்காட்டில் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட் கழன்று விழுந்தால், தேடப் போனவர்களையே தேட வேண்டியதாகிவிடும்.

ஆற்றோர மண்சாலையில் மறுபடி ஓட்டினேன். காலை எடுத்தேன். டங்.

"இதோ."

அழுத்தினேன். டங்.

"இதோ."

பாலத்துக்கு இறங்கும் சரிவில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியைத் தானாக உருளவிட்டேன். கால் மரத்துப்போயிருந்தது. பெடலிலிருந்து தூக்கி உதறினேன்.

கற்களில் டயர் அரைபடும் சத்தம் மட்டும்தான்; டங் இல்லை.

"இதோ," என்றான் தோர்கெல்.

திரும்பிப் பார்த்தேன். அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டு முற்றத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தேன். அவன் பழைய அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போனான். பின் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்கினான்.

"மூட்டுல இருக்கற கிராஸ் தேஞ்சுபோச்சு, ராக்னா. வந்து தொட்டுப் பாரு."

பக்கத்தில் போய்ப் படுத்தேன். என் கையைப் பிடித்து ஷாஃப்டின் மூட்டில் வைத்தான். லேசான ஆட்டம். விரலில் செம்பொடியாகத் துரு ஒட்டியது. அவன் சொன்னது சரிதான்.

முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கேட்டேன்: "எத்தனை நாளா உனக்குக் காது கேக்கல?"

"அகுரேரி டவுன் கடையில சொல்லிவெச்சா வியாழக்கிழமைக்குள்ள புதுசு வந்துடும்."

அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். அதே கேள்வியை, உதடு தெரியும்படி, இன்னொரு முறை கேட்டேன்.

ஷாஃப்டை விட்டுவிட்டான்.

"போன கோடையிலேருந்து. முதல்ல பறவைங்க சத்தம் நின்னுச்சு."

சென்ற அக்டோபரில் மேட்டுநிலத்துப் பனிமூட்டத்தில் ஒரு பெண் தொலைந்துபோனாள். மேற்குப் பக்கம் இவன் தனியாகப் போனான். எஞ்சினை அணைத்து, இறங்கி நின்று, காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, இங்கே யாரும் இல்லை என்று வயர்லெஸ்ஸில் சொன்னான். நாங்கள் எல்லோரும் கிழக்கே போனோம்.

மறுநாள் காலை, அவன் நின்ற இடத்திலிருந்து இருநூறு மீட்டரில் அவளைக் கண்டெடுத்தோம். உயிர் இருந்தது. குளிரில் மூன்று கால்விரல்கள் போயின. ஜீப் வந்து நின்றதிலிருந்து விசில் ஊதிக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள்.

காற்று அப்படி அடித்தது என்றோம் எல்லோரும். அவனும்தான்.

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தோம். தோர்கெல் கையைத் துடைத்துக்கொண்டான். குழுச் செயலாளரின் எண்ணை அழுத்திப் போனை என்னிடம் நீட்டினான்.

"நீ பேசு. சனிக்கிழமை நான் வரலைன்னு சொல்லு. அந்தப் பொண்ணோட வீடு எங்கேன்னும் கேளு."