ஈரத்துணி

மாசி இன்னும் முடியவில்லை, அதற்குள் ஊர் புழுங்கி வெந்தது. பிச்சையாவுக்கு அந்தப் புழுக்கத்தைவிட ஞானதுரையின் புழுக்கம்தான் தாங்கவில்லை. இருவரும் மொட்டைமாடியில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி வைத்துப் புழுக்கத்தை அளந்து, தினமும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள். அன்று பிச்சையாவுக்கு இருபத்தொன்பது டிகிரி. அதே கடற்கரையில், நாலு தெரு தள்ளி, ஞானதுரைக்கு மட்டும் முப்பத்தைந்து! குழுவே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. வியர்வையைக்கூடத் துடைக்காமல் பிச்சையா சைக்கிளை எடுத்தார்.

கையில் சாப்பாட்டுக் கூடையோடு கதவைத் திறந்தாள் ஞானதுரையின் மனைவி. “வாங்க அண்ணாச்சி. அவிய நேத்து மாடியில வெயில்ல சுருண்டு விழுந்துட்டாவ. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. கண்ணு முழிச்சதும், இன்னைக்கு அளவைப் போடாம விட்டுராதேன்னாவ. நாந்தான் பாத்துப் போட்டேன்.”

பிச்சையா இரண்டிரண்டு படியாக மாடிக்குத் தாவினார். அவளும் பின்னாலேயே வந்தாள். துணி கருவாடாய்க் காய்ந்து கிடந்தது. “துணி காஞ்சா வெறும் சூட்டைத்தாம்மா காட்டும்! இது புழுக்கமே இல்ல!” அவர் குரலில் திருவிழா. சுற்றிலும் தண்ணீர் தேடியவர், அவள் கூடையிலிருந்த பாட்டிலை உருவித் துணியில் ஊற்றினார். பாதரசம் இறங்க ஆரம்பித்தது. முப்பத்திரண்டு. முப்பது. இருபத்தெட்டில் நின்றது. தன்னுடையதைவிட ஒன்று குறைவு! படம் எடுக்க போனை உயர்த்தினார்.

காலிப் பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கி, அவள் மூடியைத் திருகினாள்.

“எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கவே இல்லையே, அண்ணாச்சி.”