காயாத பசை

குடிநீர் வாரிய அலுவலகத்தில் டெண்டர் பெட்டியைத் திறந்தாயிற்று. நேற்று மாலை பூட்டிய பெட்டி. குழாய் பதிக்கும் வேலைக்கு விலை கேட்டிருக்கும் காண்டிராக்டர்கள் மேசையைச் சுற்றி நிற்க, பொறியாளர் உறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார். கடைசி உறை அவர் விரலிலேயே ஒட்டிக்கொள்கிறது. பசை இன்னும் காயவில்லை. அது அவருடைய மச்சானின் உறை. காலையில் பெட்டியைத் திறந்து, மற்ற உறைகளை விளக்கில் பிடித்துப் பார்த்து, அவனிடம் விலை சொன்னவர் இவர்தான். மச்சான் அண்ணாந்து மின்விசிறியையே பார்க்கிறான். பொறியாளர் உதறியும் உறை விழவில்லை. முன்னால் நிற்கும் காண்டிராக்டர் அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டுகிறாள்.

"கையத் தொடச்சிட்டுப் படிங்க சார். நாங்க இருக்கோம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் துடைக்கிறார். கைக்குட்டையும் ஒட்டிக்கொள்கிறது.