யாரும் தொடாத டம்ளர்

கடைசி வரிசை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டாள் ஃபிஜா. ஒருவர்கூட ரோஸ்மில்க்கைத் தொடவில்லை. சமோசாத் தட்டுகளில் ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது.

ஜவ்வாது மலைமேல் இருக்கும் அந்தக் கல்லூரியில், முஸ்லிம் மாணவர் மன்றம் நடத்தும் சமய நல்லிணக்க நோன்பு திறப்பு விழா அது. மன்றத்தின் செயலாளர் ஃபிஜாதான். பக்கத்து மலைக் கிராமத்துக்கு நடையாய் நடந்து, வீடு வீடாக அவளே போய்க் கூப்பிட்டிருந்தாள். புளி உலுக்குகிற வேலையைப் போட்டுவிட்டு ஊரே வந்து அரங்கத்தை நிரப்பிவிட்டது.

மேடையில் ஆம்பூர்ப் பள்ளிவாசலிலிருந்து வந்த ஹஜ்ரத், பசியைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இருந்தது, தின்னத்தான் ஆள் இல்லை.

பொழுது சாய்கிற வரை விருந்தாளிகள் ஏன் காய வேண்டும், நோன்பு நமக்குத்தானே என்றுதான் முன்கூட்டியே பரிமாறச் சொன்னாள் ஃபிஜா. நல்ல எண்ணம்தான். அதுவே இப்போது வினையாகிவிட்டது.

"எடுத்துக்குங்க ஐயா" என்று முதல் வரிசையில் இருந்த ஊர்ப் பெரியவர் சக்கரவர்த்தியிடம் கெஞ்சினாள்.

"இருக்கட்டும்மா."

வெற்றிலை குதப்பாத வாயோடு அவரை அவள் பார்த்ததே இல்லை. இன்று சுருக்குப்பையைக்கூட அவர் பிரிக்கவில்லை. நம் இடத்தில் வெற்றிலைகூடப் போட மாட்டார் போலிருக்கிறது என்று அவளுக்கு அழுகை முட்டியது.

கல்லூரி முதல்வர் கலைவாணி, கார்ச் சாவியோடு எழுந்து வந்தார். இருட்டுவதற்குள் அவர் மலையை விட்டு இறங்க வேண்டும்.

"நான் அப்பவே சொன்னேன்ல ஃபிஜா? இவங்க சாமி வேற, சாப்பாடு வேறம்மா. பாரு, தண்ணிகூடத் தொடல. நாளைக்கு இது பேச்சாகி, சண்டையாகி, காலேஜ் பேரு கெடணுமா? இதோட நிறுத்திக்கலாம். மன்றமே வேணாம்."

"மேடம், கொஞ்ச நேரம் மேடம்... ப்ளீஸ்."

"நான் கெளம்புறதுக்குள்ள ஒருத்தர் குடிச்சாலும் சரி. இருந்து பார்க்குறேன்."

மன்றம் போனால் தொழுகைக்கு விட்டிருந்த அறையும் போகும். அதற்காக அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லாவற்றையும்விட, உங்கள் கையால் வாங்கிக் குடிக்க மாட்டோம் என்று ஓர் ஊரே வாய் திறக்காமல் சொல்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இத்தனைக்கும் கூப்பிடப் போனபோது சிரித்துச் சிரித்துப் பேசிய சனம்.

மன்றத்துத் தோழன் வக்கார் அவள் காதருகே வந்தான். "பயப்படுறாங்க ஃபிஜா. நாம தொடாம அவங்களுக்கு மட்டும் குடுக்குறோம்ல? உள்ள இன்னா கலந்திருக்கோன்னு யோசிக்கிறாங்க."

"ச்சீ, அப்டி நெனக்க மாட்டாங்கடா."

ஆனாலும் அந்தச் சந்தேகம் அவளுக்குள் புகுந்துகொண்டது. ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பச்சையம்மாவிடம் ஓடினாள். கூப்பிடப் போன அன்று கேழ்வரகுக் களி போட்டு, தின்னாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்து உட்கார வைத்தவள் பச்சையம்மா. அவளும் இல்லையென்றால் வேறு யார்?

"அம்மா, வெறும் பாலும் சர்பத்தும்தான்மா. ஒரு வாய் குடிங்கம்மா."

பச்சையம்மா டம்ளரை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ குடிக்காம நான் எப்டி கண்ணு குடிப்பேன்?"

நீட்டிய டம்ளரை ஃபிஜா பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வக்கார் சொன்னது சரிதான். களி ஊட்டாத குறையாகப் போட்ட கைதான், இன்று என்னையே முதலில் குடித்துக் காட்டச் சொல்கிறது!

வைத்த நோன்பை ஒருநாளும் முறித்தவள் இல்லை ஃபிஜா. காய்ச்சலில் கிடந்தபோதுகூட, வீட்டில் மர்யம் அக்கா திட்டத் திட்ட நோன்பு பிடித்தவள். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. வாசல் பக்கம் முதல்வர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யா அல்லாஹ், என்னை மன்னித்துவிடு என்று கண்ணை மூடினாள். டம்ளரை வாயில் வைத்து மடமடவென்று குடித்தாள்.

"ஃபிஜா! நோன்பு!" என்று வக்கார் அலறினான். ஹஜ்ரத்தின் பேச்சு பாதியில் நின்றது.

அப்போதும் யாரும் டம்ளரை எடுக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரவர்த்தி பதறி எழுந்துவிட்டார்.

ஃபிஜா உடைந்துபோனாள். "குடிச்சுக் காட்டிட்டேனேம்மா! வெசம் இல்லம்மா! இன்னும் நான் இன்னா பண்ணணும், சொல்லுங்க!"

"வெசமா? யாரு கண்ணு அப்டி சொன்னது?" பச்சையம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பச்சையம்மாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "பொழுது போகலியே, அதுக்குள்ள இன்னா காரியம் பண்ட்ட? காலைலேர்ந்து நாங்க ஊரே பச்சத் தண்ணி பல்லுல படாம உனக்காவ ஒக்காந்துனுகீறோம்."

"நீங்களா? நீங்க எதுக்கும்மா?"

"நோம்பு தொறக்கக் கூப்ட்டியே கண்ணு, இருந்தாத்தானே தொறக்க முடியும்?"