எந்தப் படியில் என்ன செய்தது

“பொருந்திச்சுன்னு சொன்னா போராது. எப்படிப் பொருந்திச்சுன்னு காட்டணும், கேட்டியா?” என்றார் தாணுலிங்கம் பிள்ளை.

பிரேமா கம்ப்யூட்டரை விட்டு ஓரடி தள்ளி நின்றாள்.

கிழக்கேகோட்டையின் இந்தக் கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். பொருத்தம் உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லும். கணக்குப் பிசகினால் கண்டுபிடிக்கத் தனக்கென்று ஒரு வசதியும் வைத்திருந்தாள். கட்டளையின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து அடித்தால், எந்தப் படியில் என்ன செய்தது என்று வரிவரியாக ஒப்பிக்கும். அடிக்காவிட்டால் வாயே திறக்காது.

கடைக்காரர் நெல்லையப்பன் சும்மா இருக்கிற ஆளா? வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பீற்றிக்கொண்டிருந்தார். பிள்ளை கொண்டுவந்த ஜாதகங்களை அவரே ஏற்றி, ‘பொருத்தம் உண்டு’ என்று வரவழைத்துவிட்டு, இப்போது உள்ளறையிலிருந்து இவளை அழைத்திருந்தார்.

அதில் பெண்ணின் ஜாதகம் பிரேமாவுடையது.

தரகர் மூலம் போனது. ஜாதகம் சேர்ந்த பிறகுதான் பெண் பார்ப்பது பிள்ளை வீட்டு வழக்கம். அதனால் எதிரே நிற்பவள்தான் பெண் என்று அவருக்குத் தெரியாது. தன் மகன் அஜீஷ் அவளைத் தவிர யாரையும் கட்டமாட்டான் என்பதும் தெரியாது.

அஜீஷ் சித்திரை. அவள் அவிட்டம். ரஜ்ஜு தட்டும், கட்டினால் புருஷன் உயிருக்கு ஆகாது என்பார்கள். பிரேமாவுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. பிள்ளைக்கு இருக்கிறதே! அதனால் இந்த இரண்டு நட்சத்திரமும் சேர்ந்து வந்தால் பொருந்தாத படிகளைப் பார்க்காமல் போய்விடும்படி எழுதிவிட்டாள்.

அதோடு விட்டாளா? திருட்டுத்தனம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, ‘ரஜ்ஜு: தாண்டியாச்சு’ என்று ஒரு வரியையும் போட்டுத் தொலைத்தாள். எடுக்க மறந்தும் போனாள், மட்டி!

“அந்த எழுத்தைச் சேத்து அடி, மோளே,” என்றார் நெல்லையப்பன்.

வேறு வழியில்லை. சேர்த்து அடித்தாள். பக்கத்தில் மனைவி பொன்னம்மை நிற்க, பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

ரஜ்ஜு: பார்த்தாச்சு. பொருத்தம்.

பிரேமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவசரமாக மேல்வரிக்குப் போனாள். பெண்ணின் பெயர் சரி, பிறந்த தேதி சரி. நேரம்தான் வேறு. நட்சத்திரம் சதயம் என்றிருந்தது.

“தரகன் எழுத்து கோழி கிளறின மாதிரி. இவதான் அழகா நகல் எழுதித் தந்தா,” என்று மனைவியைக் காட்டினார் பிள்ளை. “பாத்தியா பொன்னம்மே, மெஷின் ஒண்ணையும் ஒளிக்கல்ல!”

பொன்னம்மை முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எங்கே காட்டிக் கொடுத்துவிடுவாளோ என்று பிரேமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.