காயிலுக்குப் பொன்னாடை

போர்வெல் தண்ணீரோடு கீசருக்குள் நுழைந்த உப்பு, தண்ணீரைச் சூடாக்கும் காயிலைப் பார்த்துக் கும்பிட்டது. "தலைவரே, உங்க சூட்டுக்கு முன்னால யாரு நிக்க முடியும்? ஒரு பொன்னாடை போர்த்துறேன்."

காயிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தினமும் வெள்ளை வெளேரென்று ஒரு பொன்னாடை ஏறியது.

கீசர் துருப்பிடிக்காமலிருக்க அரிப்பைத் தன்மேல் வாங்கிக் கரைந்துகொண்டிருந்த மெக்னீசியத் தண்டு, "அண்ணே, அது வெறும் உப்பு. உங்க சூடு வெளியவே வரல, உதறிப் போடுங்க" என்றது.

"உனக்கு யாரும் போர்த்தலன்னு வயித்தெரிச்சல்!"

வெந்நீர் வரவில்லையென்று வீட்டில் திட்டினார்கள். காயில் வீம்புக்குக் கொதித்தது. சூடு வெளியேற வழியின்றி, தனக்குள்ளேயே வெந்து ஒருநாள் டப்பென்று வெடித்தது.

மெக்கானிக் காயிலையும் தண்டையும் வெளியே எடுத்துத் தட்டியதும், முதலில் உதிர்ந்தது உப்புதான். தரையில் கிடந்தபடி தண்டிடம் சொன்னது: "நான் அப்பவே நினைச்சேன், இவருக்கு இவ்வளவு சூடு ஆகாதுன்னு."