மேற்படி மகள்

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மத்தியப் புலனாய்வு அதிகாரி ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளோடு சேர்ந்து ஸ்டேஷன் ரைட்டரும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினொரு மாதம் நகராமல் கிடந்த கொலை வழக்கு இன்றோடு இந்த ஸ்டேஷனை விட்டுப் போகிறது. பக்க எண் சரியாக இருந்து, பார்சல்களில் அரக்கு முத்திரை உடையாமல் இருந்தால், ஒப்புகைச் சீட்டில் இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் நின்று ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தார். வழக்கை மாற்றச் சொல்லி, இறந்துபோன பெண்ணின் அப்பா கோர்ட்டில் கொடுத்த மனுவின் நகல்.

"ரைட்டரே, இதைக் கேளுங்க. 'மேற்படி மகள் வேலை முடிந்து வரும் வழியில்'னு போட்டிருக்கு. எந்த அப்பன் பெத்த பொண்ணை மேற்படி மகள்னு எழுதுவான்?"

ரைட்டர் தலையைக் குனிந்து மேஜைமேல் சிந்திய அரக்குத் துணுக்குகளை ஒதுக்கினார்.

எழுதியது அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அந்த அப்பா எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினார். கையெழுத்து தெரிந்துவிடக் கூடாது என்று, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொந்தக் கையால் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த மனிதர் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். கொடுத்த வாசகத்தில் ஒரு புள்ளி மாறக் கூடாது என்பது அவர் தொழில். மேற்படியையும் சேர்த்து அச்சு அசலாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

ரைட்டரையும் குற்றம் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடமாக மேற்படி நபர், மேற்படி இடம், மேற்படி சைக்கிள் என்று எழுதித் தேய்ந்த கை. பால் வாங்கக் கிளம்பும்போது மேற்படி பாத்திரம் எங்கே என்று மனைவியிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட ஆசாமி. அன்றைக்கு அந்த அப்பா அழுதார், இவருக்கும் கண் கலங்கியது. கை மட்டும் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போயிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் மேஜைக்கு வந்து ரைட்டர் காதருகே குனிந்தார். "மேலேர்ந்து ரெண்டு தடவை போன் வந்தாச்சு. நம்ம ஆள் எவனோ எழுதிக் குடுத்திருக்கான்னு நினைக்கிறாங்க. சாயங்காலத்துக்குள்ள பேர் வேணுமாம்."

பெயர் தெரிந்தால் வேலை போகும். அதுகூடப் போகட்டும். போலீஸ்காரனே ஜோடித்த மனு என்று சொல்லி உத்தரவையே உடைத்துவிடுவார்கள். கேஸ் கட்டு இதே அலமாரிக்குத் திரும்பி வரும், அந்த அப்பா மறுபடி திங்கள்தோறும் வந்து வாசலில் நிற்பார்.

கொலை நடந்த இடத்தில் நின்ற காரின் எண் கிடைத்த அன்றே, கொஞ்சம் பொறுங்கள் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் போனில் சரிங்க சார், சரிங்க சார் என்றதை ரைட்டர் தன் காதால் கேட்டார். அன்றிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கங்கள் சரி என்று அதிகாரி தலையசைத்தார். பார்சல்களை வண்டியில் ஏற்றுவதை மேற்பார்வை பார்க்க வெளியே போனார்.

ஒப்புகைச் சீட்டை எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டு நகரவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

ரைட்டர் பேனாவைத் திறந்தார். முதல் வரியிலேயே கை தானாக மேற்படிக்கான இரட்டைக் கொம்பைப் போட்டுவிட்டது. இழுத்துப் பிடித்து, பக்கத்தில் 'க'வைப் போட்டு, அதைக் 'கேஸ் கட்டு' ஆக்கினார். அடுத்த வரியில் 'இந்த'. அதற்கடுத்த வரியில் 'மேலே சொன்ன' என்று வந்தது, பயந்துபோய் அதையும் விட்டுவிட்டு 'அந்த' என்று எழுதினார். பதினான்கு வரி. சட்டைக் காலர் நனைந்துவிட்டது. கடைசிப் புள்ளி வைத்தபோது, பரவாயில்லை, நமக்கும் மனிதர்கள் மாதிரி எழுத வருகிறது என்று ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் சீட்டை எடுத்துப் படித்தார். இன்னொரு தடவை மேலிருந்து கீழே படித்தார்.

பிறகு அதை நான்காகக் கிழித்தார்.

"இத்தனை வருஷத்துல மேற்படி இல்லாம நீங்க எழுதின முதல் காகிதம் இதுதான். மேல இதைப் பார்த்தா வேற சாட்சியே வேணாம்."

ஒப்புக்கொண்டுவிடலாம், கட்டு வண்டியில் ஏறும்வரையாவது பொறுங்கள் என்று காலில் விழலாம் என்று ரைட்டர் நினைத்தார். அதற்குள் மேஜைமேல் இருந்த போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் எடுத்தார். விறைப்பாக நின்றார்.

"விசாரிச்சுட்டேன் சார். கோர்ட் வாசல்ல மனு எழுதுறவராம். ரிட்டயர்டு போலீஸ்தான் சார். போன மாசம் தவறிட்டாராம்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க சார்," என்று வைத்தார்.

வெளியே வண்டியின் பின்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் புதுத்தாள் ஒன்றை ரைட்டர் முன்னால் வைத்தார். வழக்கம்போலவே எழுதச் சொன்னார். பிறகு, அறையில் வேறு யாரும் இல்லாதபோதும், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லா எழுதுற ஆளுன்னு நம்பித்தான அந்த மனுஷனை உங்க வீட்டுக்கு அனுப்பினேன்."